ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை: பழைய ராஜபாதையைக் காரில் பின்தொடர

குமரி மாவட்டத்துக்கு வரும் சுற்றுலா கார்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. விடியலில் முக்கடல், அப்புறம் படகு, சுசீந்திரம், மதியம் பத்மநாபபுரம், பொழுது சாய்ந்தால் மாத்தூர் தொட்டிப்பாலம். எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் உதயகிரிக் கோட்டை ஏன் புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது, அரண்மனை ஏன் கடற்கரையில் இல்லாமல் வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது, வட்டக்கோட்டை எதற்காக அந்த மூலையில் நிற்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

பதில் ரோட்டில் இருக்கிறது. பாண்டிநாட்டிலிருந்து திருவிதாங்கூருக்குள் போக, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, கோட்டாறு, தக்கலை, குழித்துறை வழியாகத் திருவனந்தபுரம் சேரும் தரைவழி ஒன்று இருந்தது. வியாபாரி, படை, தீர்த்தயாத்திரைக்காரர், பாதிரியார், கைதி என எல்லாரும் நடந்த வழி அது. மாவட்டத்தின் பழைய கட்டடங்களில் முக்கால்வாசி அந்த வழியைக் காக்கவோ, அதில் போகிறவர்களிடம் தீர்வை வாங்கவோ, அவர்களுக்குச் சோறும் நிழலும் கொடுக்கவோ எழுந்தவை. அதனால் கிழக்கிலிருந்து மேற்காக, அந்தக் காலத்தில் ஆட்கள் வந்த திசையிலேயே போங்கள். நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் கணவாய் முதல் கோட்டாறு வரை. இரண்டாம் நாள் புலியூர்க்குறிச்சி முதல் களியக்காவிளை வரை. இரண்டாம் நாள் திங்கட்கிழமையாக அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை.

கணவாயில் தொடங்குங்கள்

முதல் தப்பு காவல்கிணறில் நடக்கும். திருநெல்வேலியிலிருந்து வரும்போது மொபைல் மேப்பில் கன்னியாகுமரி என்று போட்டிருந்தால், அது நான்குவழிச் சாலையிலேயே அஞ்சுகிராமம் பக்கமாக இறக்கிவிடும். கணவாய் கண்ணிலேயே படாது. காவல்கிணறில் வலப்பக்கம் நாகர்கோவில் ரோட்டில் திரும்ப வேண்டும். மேப்பில் ஆரல்வாய்மொழி என்று போட்டுக்கொள்வது நல்லது.

முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போதே இரு பக்கமும் மலை நெருங்குவது தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என மூன்று வாசல்களைச் சொல்வார்கள். தெற்கே கடைசி வாசல் இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்கில் புகுந்து வேகம் எடுக்கிறது. காற்றாலைகள் இங்கே குவிந்ததற்குக் காரணம் அதுதான். ஆனி, ஆடி மாதங்களில் பைக்கில் வருகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்று, முன்னால் வந்ததும் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முந்துவதைவிட, பின்னாலேயே நாற்பதில் போய்விடலாம். காரில் வந்தால் கதவைத் திறக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருவிதாங்கூர் இந்த வாசலைச் சுவர் வைத்து அடைத்திருந்தது. ஒரு பக்க மலையிலிருந்து எதிர்ப்பக்க மலைவரை மதில், நடுவில் வாசல், மேலே பீரங்கி. அதன் நீட்சியாகத் தெற்கே கடல்வரை போன அரண்வரிசை வட்டக்கோட்டையில் முடிந்தது. திருவிதாங்கூரின் தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி, ஆங்கிலேயரை எதிர்த்து மக்களைத் திரட்டக் குண்டறை விளம்பரம் என்ற அறிக்கையை வெளியிட்டது 1809 ஜனவரியில். அடுத்த மாதமே கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை இந்த மதிலுக்கு எதிரே வந்து நின்றது. நேருக்கு நேர் மோதினால் ஆகாது என்று, மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவை ராத்திரியோடு ராத்திரியாகத் தெற்குப்பக்க மலையில் ஏற்றினார். ஏறவே முடியாது என்று நம்பி லேசாகக் காவல் வைத்திருந்த பக்கம் அது. விடியும்போது மேலிருந்து கீழே அடித்தார்கள். பிப்ரவரி 10 அன்று மதில் விழுந்தது.

இதைத் தெரிந்துகொண்டு ஆரல்வாய்மொழியில் இறங்கிச் சும்மா ஐந்து நிமிஷம் தெற்கே பார்த்தால் போதும். சமவெளியில் எவ்வளவு பலமான சுவர் கட்டினாலும், அது மலையைத் தொடும் இரண்டு நுனிகள்தான் பலவீனம் என்பது கண்ணுக்கே தெரியும். இன்றைக்கு மதிலில் மிச்சம் பெரிதாக இல்லை. முழுச்சுவரை எதிர்பார்த்து வந்து ஏமாறாதீர்கள். இங்கே பார்க்க வேண்டியது நிலத்தின் அமைப்பு.

பக்கத்திலேயே காற்றாடிமலை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அரசில் அதிகாரியாக இருந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளை என்ற தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்ற இடம் இது. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபிறகு கூட்டம் அதிகம். மேலே மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. கல்லால் தட்டினால் வெண்கல ஓசை வரும். தட்டுவதற்குச் சின்னக் கற்கள் அங்கேயே கிடக்கும். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை, லேசாகத் தட்டினாலே கேட்கும். காலை பத்துக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், அதற்குப்பின் பாறை சுடும். பத்மநாபபுரம் பக்கமிருந்து எருமை மேல் ஏற்றி அவரைக் கொண்டுவந்ததாகச் சொல்லும் வழியும் இதே ராஜபாதைதான், திசை மட்டும் எதிர். இந்த வரலாற்றின் இன்னொரு கண்ணி புலியூர்க்குறிச்சியில் வரும்.

தெற்கே ஒரு சுற்று

தோவாளை பூச்சந்தை பார்க்க ஆசைப்பட்டால் அதை முதலிலேயே, விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியபின் போனால் சருகும் சாக்கும்தான். அதன்பின் நேரே நாகர்கோவில் போய்விடாமல், மருங்கூர் வழியாகத் தெற்கே இறங்குங்கள். வயல், தென்னை, சானல்கரை எனக் குறுகலான ரோடு. எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் பார்த்து நிற்க வேண்டும். சானல்கரையில் டயரை மண்ணில் இறக்கும்போது கவனம், மழைக்காலத்தில் கரை உள்வாங்கும்.

மயிலாடி வரும். ரோட்டின் இரு பக்கமும் சிற்பக்கூடங்கள், கல்தூசி, உளிச்சத்தம். சாமி சிலை செய்ய ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்துகூட இங்கே வருவார்கள். இதே ஊரில்தான் தென்திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபை தொடங்கியது. மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் அழைத்ததன்பேரில், லண்டன் மிஷனைச் சேர்ந்த பிரஷ்யக்காரர் ரிங்கல்தோபே 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் உள்ளே வந்தார். கோயில் கட்ட அனுமதி கிடைக்காமல் இழுத்து, 1809-இல்தான் மயிலாடி ஆலயம் எழுந்தது. மாவட்டத்தின் பள்ளிக்கூட வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. 1816-இல் உடல் நலிந்து ஊரைவிட்டுப் போன ரிங்கல்தோபேவுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பது யாருக்கும் தெரியாது. அவர் விட்ட இடத்தில் 1818-இல் மீட் என்ற மிஷனரி வந்து, தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார்.

மயிலாடியிலிருந்து அஞ்சுகிராமம், அங்கிருந்து வட்டக்கோட்டை. பெயரை நம்பி வட்டமாகத் தேட வேண்டாம், கோட்டை செவ்வகம்தான். கருங்கல் சுவர் சுமார் 25 அடி உயரம். ஒரு பக்கம் அலை வந்து சுவரிலேயே மோதும். பாண்டியரின் மீன் சின்னம் செதுக்கிய கல் இருப்பதால் இதற்கும் முந்திய கட்டுமானம் ஒன்று இருந்திருக்கலாம் என்பார்கள். இன்றைய உருவம் மார்த்தாண்ட வர்மா காலத்தில், டச்சுப்படையிலிருந்து பிடிபட்டு அவரிடம் சேர்ந்த டிலனாய் மேற்பார்வையில் வந்தது. மேலே ஏற, படிக்குப் பதிலாக அகலமான சாய்தளம் இருப்பதைக் கவனியுங்கள். பீரங்கியைப் படியில் ஏற்ற முடியாது. ஏறியதும் எல்லாரும் கடலைப் பார்த்து செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் முதுகைக் கடலுக்குக் காட்டி வடக்கே பாருங்கள். காலையில் பார்த்த கணவாய் மலைகள் தெரியும். இந்தக் கோட்டைக்கும் அந்த மலைக்கும் இடையிலுள்ள சமவெளிதான் திருவிதாங்கூர் அடைக்க வேண்டியிருந்த இடைவெளி. அரண்வரிசையின் நீளம் முழுவதும் ஒரே பார்வையில் பிடிபடும் ஒரே இடம் இது. அதனால்தான் கணவாயை முதலில் பார்த்துவிட்டு இங்கே வரச் சொல்வது. மாறாகக் கன்னியாகுமரியிலிருந்து நேரே இங்கே வந்தால் இது வெறும் கடற்கரைப் பூங்கா.

திரும்பும்போது வழுக்கம்பாறை வழியாகச் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலைப் பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். இந்தப் பயணத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: நவராத்திரிக்கு இங்கிருந்து முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில் கிளம்புகிறாள். அந்தக் கதை அரண்மனையில் தொடரும்.

இருட்டுவதற்குள் கோட்டாறு. நாகர்கோவில் ஊர் ஆவதற்கு முன்பே கோட்டாறு சந்தை இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் கோட்டாறான மும்முடிச்சோழநல்லூர். முதலாம் குலோத்துங்கன் இங்கே நிலைப்படை வைத்தான். கணவாயைத் தாண்டி வந்த சரக்கு முதலில் இறங்கும் இடம் இது என்பதால், யார் ஆண்டாலும் இந்த ஊர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இங்குள்ள சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. சந்தைக்குள் காரைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு நடங்கள்.

ரோட்டோரக் கற்கள்

இரண்டாம் நாளுக்கு முன் ஒரு விஷயம். கோட்டையும் அரண்மனையும் அரசன் கட்டியவை. நடந்து போனவர்களுக்காக இருந்தவை சுமைதாங்கி, கல்மண்டபம், கிணறு, கல்தொட்டி, ஆலமரம். இவை ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றைக் கண்டால் சுற்றிலும் தேடுங்கள், மற்றது இருக்கும் அல்லது இருந்த தடம் இருக்கும்.

சுமைதாங்கி என்பது இரண்டு நடுகல், மேலே குறுக்கே ஒரு கல். அவ்வளவுதான். அதன் உயரத்தில்தான் சூட்சுமம். சும்மாட்டின் மேல் அரிசியோ உப்போ தேங்காயோ சுமந்து தனியாக வருகிற ஆள், சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். தலைக்குச் சற்றுக் கீழே, கழுத்து மட்டத்தில் ஒரு மேடை இருந்தால் லேசாக முட்டியை மடக்கிச் சுமையை அதன்மேல் நழுவவிடலாம், இளைப்பாறியபின் அதே மாதிரி தலையை நுழைத்து எடுத்துக்கொள்ளலாம். யார் உதவியும் வேண்டாம். ஆகவே சுமார் ஐந்தடி. இன்று சில இடங்களில் இடுப்பளவுக்குத்தான் நிற்கும். கல் புதையவில்லை, தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. குறுக்குக்கல்லின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தால் முன்விளிம்பு மழமழவென்று தேய்ந்திருக்கும், பின்விளிம்பு கூராக இருக்கும். சுமை எந்தப் பக்கத்திலிருந்து ஏறி இறங்கியது, பழைய ரோடு கல்லின் எந்தப் பக்கம் போனது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கற்களில் பல, பிள்ளைப்பேற்றில் இறந்த கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் நட்டவை. இறக்கி வைக்காமல் போன சுமையை இன்னொருவர் இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். எழுத்து இருந்தால் பெயரும் ஆண்டும் இருக்கும். ஆண்டு பெரும்பாலும் கொல்லம் ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க 825 கூட்டுங்கள். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரையுள்ள தேதியானால் 824. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் இந்த வித்தியாசம். உதாரணத்துக்கு, குளச்சல் போர் நடந்தது கொல்லம் 916 ஆடியில்: 916-உடன் 825 சேர்த்தால் 1741. எண் தமிழில் வெட்டியிருந்தால் ௯௱௰௬ என்று இருக்கும். ஒன்பது, நூறு, பத்து, ஆறு என்று வாசிக்க வேண்டும். நூறும் பத்தும் தனி எழுத்துகள் என்பது தெரியாமல் நாலு இலக்க எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. எண்ணை ஒட்டி ௵ என்ற குறி நின்றால் அது ஆண்டு, ௴ மாதம், ௳ நாள்.

எழுத்து தெளிவாக இல்லாவிட்டால் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தேய்க்காதீர்கள். சாக்பீஸ் பொடி எழுத்தின் பள்ளத்தில் நிரம்பி, அடுத்து வருகிறவர் வாசிக்க முடியாமல் செய்யும்; எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுத்துவிடும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது வாருங்கள். இல்லையென்றால் ஒரு மொபைலின் டார்ச்சைக் கல்லோடு கல்லாக ஒட்டிப் பிடித்து, இன்னொரு மொபைலில் நேர் எதிரே நின்று படம் எடுங்கள். எழுத்து நிழலாகத் தெரியும். டார்ச்சை இடப்பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுத்தால் விடுபட்ட கோடுகளும் வந்துவிடும். சுத்தமாகத் தெரியாத எழுத்து, தமிழின் பழைய எழுத்துவடிவமான வட்டெழுத்தாக இருக்கலாம். இந்தப் பக்கம் அது மற்ற இடங்களைவிட வெகுகாலம் புழங்கியது.

எங்கே தேடுவது? புதிய ஹைவேயில் அல்ல. ஹைவே நேராக வெட்டிப்போகும் இடங்களில், பழைய ரோடு வளைந்து ஊருக்குள் போய் மறுபடி வந்து சேரும். அந்த வளைவுகளில்தான். பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் ஏறிவிட்டால் கீழே உள்ளது எதுவும் தெரியாது. மார்த்தாண்டம் மேம்பாலம் மட்டும் இரண்டரை கிலோமீட்டர். நெரிசலுக்குப் பயந்து மேலே போகத்தான் தோன்றும். இந்தப் பயணத்தில் கீழ்ரோடுதான் உங்கள் ரோடு. தோவாளைக்குப் பின் வெள்ளமடம், தக்கலைக்குப் பின் அழகியமண்டபம், சாமியார்மடம் என்று மடமும் மண்டபமும் பெயரில் ஒட்டிய நிறுத்தங்கள் வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ரோடு அகலப்படுத்தும்போது முதலில் பெயர்வது இந்தக் கற்கள்தான். சிலவற்றை ஊர்க்காரர்கள் எடுத்துக் கோயில் வளாகத்திலோ குளத்தங்கரையிலோ நட்டு வைத்திருப்பார்கள். டீக்கடையில் வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

புலியூர்க்குறிச்சியும் பத்மநாபபுரமும்

நாகர்கோவிலிலிருந்து காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். எட்டரைக்கு மேல் ஸ்கூல் பஸ்கள், கல்லூரி பஸ்கள், கேரளாவுக்குப் போகும் கல் லாரிகள் எல்லாம் ஒன்றாக இறங்கும். சுங்கான்கடை, வில்லுக்குறி தாண்டிப் புலியூர்க்குறிச்சி, சுமார் 14 கி.மீ.

உதயகிரிக் கோட்டைக்குள் போய் அரண்மனை எங்கே என்று கேட்கிறவர்கள் நிறைய. உள்ளே அரண்மனை கிடையாது. தனியாக நிற்கும் ஒரு மலையைச் சுற்றி, சுமார் 90 ஏக்கரை வளைத்துக் கட்டிய ராணுவ முகாம் இது. முன்பு மண்கோட்டை, 1741-க்கும் 1744-க்கும் இடையில் மார்த்தாண்ட வர்மா அதைக் கல்லால் கட்டினார். பீரங்கி வார்க்கும் உலை உள்ளே இருந்தது. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, டிக்கெட் உண்டு. மரங்களுக்கிடையே நடந்து போனால் கூரையில்லாத ஒரு சிற்றாலயம் வரும். உள்ளே டிலனாயின் கல்லறை.

குளச்சலில் 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுப்படை தோற்றபோது பிடிபட்ட அதிகாரி யூஸ்டாகியஸ் டிலனாய். சிறைப்பட்டவரையே மார்த்தாண்ட வர்மா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். அவர் வலிய கப்பித்தான், அதாவது பெரிய படைத்தலைவர், ஆனார், இந்தக் கோட்டையிலேயே வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. லத்தீன் வாசகம் வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. ஏறக்குறைய 37 வருஷம் அரசனுக்கு ஊழியம் செய்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை அடக்கிக் கொடுத்ததையும், 62 வயதும் ஐந்து மாதமும் வாழ்ந்ததையும் சொல்கிறது. மேலே சொன்ன டார்ச் முறை இங்கேயும் உதவும். தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் இவர்தான். பிள்ளை தாகத்தில் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் வந்ததாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான்பாறை இதே புலியூர்க்குறிச்சியில், சற்றுத் தூரத்தில்.

சுரங்கம் எங்கே என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எல்லாக் கோட்டைக்கும் ஒரு சுரங்கக் கதை உண்டு.

அடுத்தது தக்கலை, அங்கே பிரிந்து சுமார் 2 கி.மீ. பத்மநாபபுரம். காலை 9 மணிக்குத் திறக்கும், மதியம் 1 முதல் 2 வரை அடைப்பு. பதினொன்றுக்குள் உள்ளே போய்விட்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம். பன்னிரண்டரைக்குப் போனால் நடு அறையில் நிற்கும்போது வெளியே போகச் சொல்வார்கள். நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். ஆகையால் கேரள விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும். கேமராவுக்குத் தனிச் சீட்டு. பணம் சில்லறையாக வைத்திருங்கள்.

1601-இல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் தொடங்கி, மார்த்தாண்ட வர்மா விரிவாக்கிய அரண்மனை. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை அரசு இங்கிருந்துதான் நடந்தது. எல்லாரும் கறுத்த தரையையும் உப்பரிகை மாளிகையையும் பார்ப்பார்கள். ராஜபாதையைப் பின்தொடர்கிறவர்கள் நிற்க வேண்டியது ஊட்டுப்புரையில். ஒரு தளத்தில் ஆயிரம் பேருக்கு இலை போடக்கூடிய நீண்ட கூடம், அதன்மேல் அதேபோல் இன்னொன்று. இது அரச குடும்பம் சாப்பிட்ட இடமல்ல. வழியில் வந்த பிராமணர்களுக்கு அரசன் தினமும் சோறு போட்ட இடம். மற்ற சாதியாருக்கு ரோட்டோர மண்டபமும் சொந்தக் கட்டுச்சோறும்தான். அந்த வித்தியாசத்தையும் மனதில் வைத்துக்கொண்டு கூடத்தைப் பாருங்கள்.

நவராத்திரிக்கு முன்னால், இந்த அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றி ஊர்வலம் தொடங்கும். அரண்மனைச் சரஸ்வதி யானைமேல், வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். ஒரு நாள் நடைக்கு எவ்வளவு தூரம் என்று அந்தக் காலத்தில் வைத்த கணக்கு இன்றும் அப்படியே நடக்கிறது. பழைய பாதையின் சரியான தடம் எது என்ற சந்தேகம் வந்தால், இந்த ஊர்வலம் போகும் தெருவைக் கேளுங்கள். அந்த நாளில் காரில் வருவதாக இருந்தால் மட்டும் தக்கலை, மார்த்தாண்டம் ரோட்டை மறந்துவிடுங்கள். ஊர்வலத்தோடு கொஞ்ச தூரம் நடப்பதே மேல்.

குளச்சல் கிளையும் குழித்துறையும்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தக்கலையிலிருந்து தெற்கே ஒரு கிளைப்பயணம். திருவிதாங்கோடு, அரசுக்கே பெயர் கொடுத்த பழைய தலைநகர், இன்று சின்ன ஊர். கி.பி. 63-இல் தோமையார் நிறுவியதாக மரபு சொல்லும் அரப்பள்ளி இங்கே. கல்லாலேயே கட்டிய சின்னக் கோயில், பத்து நிமிஷம் போதும். பின் திங்கள்நகர் வழியாகக் குளச்சல். போர் வெற்றித் தூண் கடற்கரைப் பக்கம். தூணைவிட அங்கிருந்து தக்கலைக்குத் திரும்பும் ரோடுதான் பாடம். டச்சுக்காரர்கள் தலைநகரைப் பிடிக்க முன்னேற நினைத்த வழி இதுவே. அரைமணி நேரத்துக்குள் அரண்மனை வாசலுக்கு வந்துவிடுகிறீர்கள். உதயகிரியை அவசர அவசரமாகக் கல்லால் கட்டியதன் காரணம் ஓடோமீட்டரிலேயே தெரியும்.

இந்தக் கடற்கரையை ஒட்டிப் பாசி படர்ந்த வாய்க்கால் ஒன்று தென்பட்டால், அது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் வள்ளத்தில் இணைக்க 1860-இல் வெட்டத் தொடங்கினார்கள். முழுதாக முடியவேயில்லை.

மறுபடி ராஜபாதைக்கு வந்து அழகியமண்டபம், சாமியார்மடம், மார்த்தாண்டம் கீழ்ரோடு, குழித்துறை. தாமிரபரணியை (நெல்லையில் ஓடுவது அல்ல, அதே பெயருள்ள குமரி ஆறு) கடக்கும் இடம் என்பதால் இங்கே எப்போதும் பயணம் நின்றது. ஆறு பெருகினால் நாள்கணக்கில் நின்றது. பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. தாண்டி ஒதுக்கிவிட்டு, மகாதேவர் கோயில் பக்கமிருந்து ஆற்றைப் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் இந்த மாவட்டத்தில் பெய்வதால் ஜூன் முதல் டிசம்பர் வரை தண்ணீர் கலங்கல்தான். ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் ஆறும் தெளிவு, ரோடும் காய்ந்திருக்கும்.

அங்கிருந்து களியக்காவிளை பத்து கிலோமீட்டருக்குள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின்தான் இந்த ரோட்டின் குறுக்கே மாநில எல்லை வந்தது. பஸ்களின் நிறம் மாறுகிறது, போர்டுகளின் எழுத்து மாறுகிறது, டீக்கடையில் பழம்பொரியும் மரச்சீனிக் கிழங்கும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வாடகைக் காரில் எல்லை தாண்டுவதாக இருந்தால் பெர்மிட்டை டிரைவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எல்லையில் நின்று பேசிக்கொண்டிருந்தால் பின்னாலுள்ள பஸ்காரர் சும்மா இருக்கமாட்டார்.

கையில் ஒரே நாள்தான் என்றால் மயிலாடியையும் குளச்சலையும் விட்டுவிடலாம். கணவாய், வட்டக்கோட்டை, உதயகிரி, அரண்மனை இந்த நான்கையும் இதே வரிசையில் பாருங்கள். அந்த ஒரே நாளும் திங்கட்கிழமையாகப் போய்விட்டால், அரண்மனைக்குப் பதில் மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சிதறால் மலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டும், பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களும் அங்கே இருக்கிறார்கள். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏற வேண்டும்; மேலே கடை கிடையாது, தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.